ஐஸ்லாந்து எரிமலையை வீட்டிலிருந்தே கண்காணிப்பது எப்படி: ஸ்வார்ட்ஸெங்கியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை விழித்துக்கொள்ளும்போது, அந்நாட்டு ஆய்வாளர்கள் பார்க்கும் அளவீடுகளில் பெரும்பகுதியைச் சில நிமிடத் தாமதத்துடன் யார் வேண்டுமானாலும் பார்த்துவிட முடியும். நிலநடுக்கங்களையும் எரிமலைகளையும் கண்காணிக்கும் பொறுப்பு அங்கே வானிலை அலுவலகத்திடம் இருக்கிறது. அது தன் நிலநடுக்கப் பட்டியல், அதிர்வு வரைபடங்கள், ஜிபிஎஸ் அளவீடுகள், அபாய வரைபடங்கள் ஆகியவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்தே வைத்திருக்கிறது. மழைக்கும் எரிமலைக்கும் ஒரே அலுவலகமா என்று முதலில் எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. காற்றும் அலையும் பனியும் எரிமலைக் கருவிகளை எந்த அளவுக்கு ஏமாற்றுகின்றன என்பதைச் சில மாதங்கள் பார்த்த பிறகு, அந்த ஏற்பாட்டில் நியாயம் இருப்பது புரிந்தது.

இந்த வழிகாட்டி, ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் உள்ள ஸ்வார்ட்ஸெங்கி – சுண்ட்நூகுர் பகுதியை எடுத்துக்கொள்கிறது. 2023 டிசம்பர் முதல் 2025 ஜூலை வரை ஒன்பது முறை லாவா வெளிப்பட்ட இடம் அது. ஒரே எரிமலை ஒரே பாடத்தை இத்தனை முறை சிறு சிறு மாற்றங்களுடன் நடத்திக்காட்டியது, கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. இதைப் படித்து முடித்தபின் எந்த ஒரு கருவியின் கோட்டையும் தனியே நம்பாமல், ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகளாவது ஒத்துப்போகிறதா என்று தேடும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும் என்பதே என் எண்ணம்.

முதற்படி: நிலத்தையும் கடிகாரத்தையும் பழகுதல்

வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் விலகிச் செல்லும் நடு அட்லாண்டிக் மலைத்தொடர், கடலிலிருந்து கரையேறும் இடமே ரெய்க்யானெஸ். ஏறத்தாழ 800 ஆண்டுகள் அமைதியாக இருந்த இத்தீபகற்பத்தில் 2021 மார்ச் 19 அன்று ஃபாக்ராதால்ஸ்ஃபியாட்ல் மலையருகே லாவா வெளிவந்தது. அதே வட்டாரத்தில் 2022 ஆகஸ்ட்டிலும் 2023 ஜூலையிலும் மீண்டும் வந்தது. பிறகு மேற்கே ஸ்வார்ட்ஸெங்கியின் முறை.

ஸ்வார்ட்ஸெங்கிக்குக் கீழே நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்தில் மாக்மா என்னும் உருகிய பாறைக்குழம்பு சேர்கிறது. அது தாங்க முடியாத அளவுக்கு நிரம்பியதும் கிழக்கே நகர்ந்து, வடகிழக்கு – தென்மேற்காக நீண்டிருக்கும் சுண்ட்நூகுர் எரிமலைவாய் வரிசைக்கு அடியில் ஒரு செங்குத்துச் சுவர் போலப் பாறையைப் பிளந்துகொண்டு பாய்கிறது. ஆய்வாளர்கள் 'டைக்' என்று அழைப்பது இந்த மாக்மாச் சுவரைத்தான். அது நிலப்பரப்பை எட்டினால் நீண்ட பிளவு திறந்து நெருப்புத் திரை எழுகிறது. எட்டாவிட்டால் வெறும் நிலநடுக்கங்களோடு முடிந்துவிடுகிறது. தமிழில் இதை 'எரிமலை வெடிப்பு' என்கிறோம். குண்டு வெடிப்பதைப் போன்ற காட்சியை அச்சொல் மனத்தில் எழுப்பினாலும், வயல் வெடிப்பு, பாத வெடிப்பு என்று நாம் சொல்லும் மற்றப் பொருள் இந்த எரிமலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரு நிலவரைபடத்தைத் திறந்து சில பெயர்களை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தெற்கே கடலோரத்தில் கிரிண்டாவிக் ஊர். அதற்கு வடக்கே தோர்பியோர்ன் என்னும் தனிக்குன்று. குன்றுக்கு வடக்கே ஸ்வார்ட்ஸெங்கி புவிவெப்ப மின்நிலையமும் நீலக் குளம் (ப்ளூ லகூன்) என்னும் வெந்நீர்க் குளமும். கிழக்கே ஹாகாஃபெட்ல், அதற்கு வடகிழக்கில் ஸ்டோரா-ஸ்கோக்ஃபெட்ல். இந்த ஆறேழு பெயர்கள் தெரிந்தால் அறிக்கைகளில் பாதி புரிந்துவிடும். கேமராவில் தெரியும் மேடு எது என்று இரவில் தடுமாற வேண்டியிருக்காது.

ஐஸ்லாந்து ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரத்தையே பின்பற்றுகிறது. கோடைக்கால நேர மாற்றம் அங்கே கிடையாது. ஆகவே இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் எப்போதும் ஐந்தரை மணி நேரம் கூட்டினால் போதும். 2023 டிசம்பர் 18 அன்று இரவு 10:17க்குத் திறந்த பிளவு நமக்கு மறுநாள் அதிகாலை 3:47. குறிப்பேட்டில் எப்போதும் ஐஸ்லாந்து நேரத்தையே எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதிய என் முதல் மாதக் குறிப்புகள் பின்னால் எதற்கும் பயன்படவில்லை.

இரண்டாம் படி: நிலநடுக்கப் பட்டியலைப் படித்தல்

வானிலை அலுவலகத்தின் பட்டியலில் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் நேரம், இடம், ஆழம், அளவு ஆகியவை தரப்படும். முதலில் வருவது கணினி தானாகக் கணித்தது. ஆய்வாளர் ஒருவர் அலைப்பதிவைப் பார்த்துத் திருத்தியது பிறகுதான் வரும். நெடுங்காலமாக அப்பட்டியலில் கைமுறையாகச் சரிபார்க்கப்பட்ட நடுக்கத்துக்குத் தர எண் 99 என்று இடுவது வழக்கம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஓடுவதே தொடக்கநிலையாளர் செய்யும் முதல் தவறு. நிமிடத்துக்குப் பல நடுக்கங்கள் நேரும்போது அலைகள் ஒன்றன்மீது ஒன்று ஏறிக்கொள்வதால், கணினி இரண்டு நடுக்கங்களை ஒன்றாகச் சேர்த்து, சம்பந்தமே இல்லாத தொலைவில் ஒரு பெரிய நடுக்கத்தைக் காட்டிவிடும். சற்று நேரத்தில் அது பட்டியலிலிருந்து காணாமல் போகும். அது மறைக்கப்படவில்லை, திருத்தப்பட்டிருக்கிறது.

ஆழ எண்களிலும் எச்சரிக்கை தேவை. ஒரே ஆழம் பல நடுக்கங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தால், கணினியால் ஆழத்தை நிர்ணயிக்க இயலாமல் ஒரு இயல்பு மதிப்பை இட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். 'நடுக்கங்கள் மேலேறி வருகின்றன' என்ற பரபரப்பான முடிவுகளில் பல, சரிபார்க்கப்படாத இந்த எண்களின்மேல் கட்டப்பட்டவை.

பட்டியலில் தேட வேண்டியது, ஒரு நடுக்கத்தின் அளவைவிட, கூட்டத்தின் நடத்தையை. அலுவலகம் நடத்தும் 'ஸ்கியால்ஃப்டா-லீசா' என்னும் தேடு கருவியில் ஒரு சிறு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, கிடைமட்ட அச்சில் நேரத்தையும் செங்குத்து அச்சில் அட்சரேகையையும் வைத்து வரைந்து பாருங்கள். ஒரே இடத்தில் கொத்தாகக் கிடக்கும் புள்ளிகள் ஒரு வகை. ஒரு மணி நேரத்தில் சில கிலோமீட்டர் தெற்கு நோக்கியோ வடக்கு நோக்கியோ சாய்ந்து நகரும் புள்ளிகள் வேறு வகை. அது டைக்கின் முனை பாறையைப் பிளந்துகொண்டு போகும் தடம். 2014 ஆகஸ்ட்டில் பார்தர்புங்கா எரிமலையிலிருந்து புறப்பட்ட மாக்மா பனிப்படலத்துக்கு அடியில் சுமார் 48 கிலோமீட்டர் பயணம் செய்து ஹோலுஹ்ரொய்ன் சமவெளியில் வெளிவந்தபோது, இரண்டு வாரம் முழுவதும் அந்தப் பயணத்தை ஆர்வலர்கள் இப்படித்தான் புள்ளி புள்ளியாகப் பின்தொடர்ந்தார்கள்.

இன்னொரு பொறி உண்டு. மாக்மா ஓரிடத்தில் அழுத்தும்போது, அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் பழைய பிளவுகள் நழுவி நடுக்கம் உண்டாக்கும். அந்த இடத்தில் மாக்மா இருக்க வேண்டியதில்லை. 2022 ஜூலை 31 அன்று கிரிண்டாவிக்கின் அருகே 5.4 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. ஆனால் மாக்மா அப்போது கிழக்கே ஃபாக்ராதால்ஸ்ஃபியாட்ல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 3 அன்று லாவா வெளிப்பட்டதும் அங்கேதான். அன்று வரைபடத்தில் மிகப் பெரிய குறியைப் பார்த்து இடத்தைக் கணித்தவர்கள் எல்லோரும் தவறினார்கள்.

மூன்றாம் படி: நிலம் உப்புவதை அளத்தல்

நிலநடுக்கம் ஒரு நாள் செய்தி; நிலத்தின் எழுச்சி பல மாதச் செய்தி. ஸ்வார்ட்ஸெங்கி நிலையத்தின் ஜிபிஎஸ் கருவி, ஆர்வலர்களுக்கு நாடித்துடிப்பைப் போலப் பழகிவிட்ட ஒன்று. அதன் வரைபடத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும்: வடக்கு, கிழக்கு, மேல். மாக்மா சேரும்போது 'மேல்' கட்டத்தின் புள்ளிகள் நாளுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் ஏறும். வெடிப்பு நேரும் நாளில் சட்டென்று சரியும். சில நாட்களில் மறுபடி ஏறத் தொடங்கும். ஒன்றரை ஆண்டு வரைபடத்தைச் சேர்த்துப் பார்த்தால் ரம்பத்தின் பற்கள் போல இருக்கும்.

இதைப் படிக்கும்போது ஒற்றைப் புள்ளியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. செங்குத்து அளவீட்டில் நாளுக்கு நாள் பல மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இயல்பாகவே இருக்கும். ஆண்டெனாவின்மீது பனி உறைந்தாலும் புள்ளி தாறுமாறாகப் போகும். குறைந்தது ஐந்தாறு நாட்களின் போக்கைப் பாருங்கள்; சுற்றியுள்ள நிலையங்களையும் பாருங்கள். நிலம் உண்மையாகவே உப்பினால், மேற்கே உள்ள நிலையம் மேற்காகவும் தெற்கே உள்ளது தெற்காகவும், மையத்தை விட்டு விலகி நகர வேண்டும். ஒரே ஒரு நிலையம் மட்டும் துள்ளினால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கருவியில்தான்.

ஆய்வாளர்கள் இந்த நகர்வுகளிலிருந்து எத்தனை கன மீட்டர் மாக்மா சேர்ந்திருக்கிறது என்று மாதிரிக் கணக்கிட்டு, கடந்த முறை வெளியேறிய அளவோடு ஒப்பிடுகிறார்கள். 'இழந்தது திரும்பி நிரம்பிவிட்டது. இனி எப்போது வேண்டுமானாலும்' என்ற அவர்களின் கூற்று இந்த ஒப்பீட்டிலிருந்து வருவது. ஆனால் நிரம்பும் எல்லை நிலையாக இருப்பதில்லை. தொடக்கத்தில் வெடிப்புகளுக்கு இடையே 27, 25, 37 நாட்கள் என்றிருந்த இடைவெளி, பின்னால் 2024 ஆகஸ்ட் 22க்கும் நவம்பர் 20க்கும் இடையில் 90 நாட்களாகவும், அதிலிருந்து 2025 ஏப்ரல் 1 வரை 132 நாட்களாகவும் நீண்டது. மாக்மா வரத்து மெலிந்ததும், பொதுவாக முன்பைவிட அதிகம் சேர வேண்டியிருந்ததும் இதற்குக் காரணங்கள். ஆகவே ஜிபிஎஸ் கோட்டை நீட்டி ஒரு தேதியைக் குறிப்பவர்களிடம் நான் வாதிடுவதில்லை; அந்தத் தேதி கடந்து போகும்வரை காத்திருந்தாலே போதும்.

செயற்கைக்கோள் ரேடார் படங்களும் இதையே பரப்பளவில் காட்டும். சென்டினல்-1 போன்ற செயற்கைக்கோள் இரு வேறு நாட்களில் எடுத்த பதிவுகளை ஒன்றோடொன்று கழித்தால், வானவில் வளையங்கள் தோன்றும். ஒரு முழு நிறச் சுற்று, செயற்கைக்கோளின் பார்வைத் திசையில் சுமார் 2.8 சென்டிமீட்டர் நகர்வைக் குறிக்கிறது. வளையங்களை எண்ணிப் பெருக்கினால் எழுச்சியின் அளவு கிடைக்கும். பனி மூடிய நிலத்தில் இந்தப் படம் கலைந்துவிடும்.

நான்காம் படி: அதிர்வுக் கோடுகள்

எரிமலைக் கண்காணிப்பில் மிகுதியாகப் பார்க்கப்படுவதும் மிகுதியாகத் தவறாகப் படிக்கப்படுவதும் இதுவே. நிலநடுக்கம் என்பது ஓர் அடி. தொடர் அதிர்வு என்பது நிற்காத முனகல். மாக்மாவும் வாயுவும் குறுகிய பாதையில் பாயும்போது நிலம் இடைவிடாமல் நடுங்குவதை ஐஸ்லாந்தில் 'ஓரோய்' என்பார்கள். அமைதியின்மை என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். வானிலை அலுவலகத்தின் வரைபடம் இதை மூன்று நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டுகிறது: 0.5 முதல் 1 ஹெர்ட்ஸ், 1 முதல் 2 ஹெர்ட்ஸ், 2 முதல் 4 ஹெர்ட்ஸ்.

ஐஸ்லாந்தில் ரயில் கிடையாது. அதனால் ஒரு தொல்லை குறைவு. மற்றத் தொல்லைகள் எல்லாம் உண்டு. புயற்காற்று கருவியைச் சுற்றியுள்ள நிலத்தை அசைக்கும். அட்லாண்டிக் பேரலைகள் கடற்தளத்தில் மோதுவது தாழ்ந்த அதிர்வெண் கோட்டை உயர்த்தும். அருகே கனரக வாகனம் ஓடினாலும் உயர்ந்த அதிர்வெண் கோடு முள் முள்ளாக எழும். கோடு ஏறுவதைப் பார்த்ததும் செய்ய வேண்டியவை இவை. முதலில், ஏற்றத்தின் வடிவத்தைப் பாருங்கள்: காற்று மணிக்கணக்கில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஒரு மேட்டை உண்டாக்கும், வெடிப்பு பெரும்பாலும் படிக்கட்டு ஏறுவதைப் போலச் சட்டென்று உயரும். அடுத்து, தொலைவிலுள்ள நிலையங்களைத் திறந்து பாருங்கள்: தீபகற்பம் முழுவதும், அதற்கு அப்பாலும் ஒரே அளவில் ஏறியிருந்தால் அது வானிலை; வெடிப்பிடத்துக்கு அருகில் உள்ளது மிகுதியாகவும் விலக விலகக் குறைவாகவும் ஏறியிருந்தால் எரிமலை. கடைசியாக, அதே அலுவலகத்தின் காற்று வேக வரைபடத்தை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு டிசம்பர் இரவில் இந்த மூன்றாம் வேலையைச் செய்யாமல், தெற்கிலிருந்து வந்த சாதாரணப் புயல் ஒன்றைப் பற்றி நண்பர்களை எல்லாம் எழுப்பிவிட்டு, காலையில் அவர்கள் முன் நான் விழித்த விழி இன்னும் நினைவிருக்கிறது.

நிலநடுக்கக் கூட்டமும் இந்தக் கோடுகளை உயர்த்தும் என்பதை மறக்க வேண்டாம். வரைபடம் ஒரு நிமிடத்தின் சராசரி வீச்சைக் காட்டுவதால், அந்த நிமிடத்துக்குள் பத்து நடுக்கம் நேர்ந்தால் அதுவும் அதிர்வு போலவே தெரியும். ஒவ்வொரு அடியையும் பிரித்துப் பார்க்க, மூல அலைப்பதிவு வேண்டும். ராஸ்பெர்ரி ஷேக் என்ற பெயரில் விற்கப்படும் சிறு நிலநடுக்கமானிகளை ஐஸ்லாந்தில் வைத்திருக்கும் தனியார்களின் பதிவுகள் இங்கே கைகொடுக்கும். அந்த வலையமைப்பின் பதிவுகள் எவரும் பார்க்கும்படி உள்ளன.

கோடு அழகாகப் பேசிய ஒரு காலமும் உண்டு. 2021 மே மாதத் தொடக்கத்தில் ஃபாக்ராதால்ஸ்ஃபியாட்லில் லாவா தொடர்ச்சியாகப் பொங்குவதை விட்டுவிட்டு, சில நிமிடங்கள் நீரூற்றுப் போலப் பீறிட்டு, சில நிமிடங்கள் அடங்கி, மறுபடி பீறிடத் தொடங்கியது. அதிர்வு வரைபடம் சீப்பின் பற்களாக மாறியது. ஒரு திரையில் கேமராவையும் மறு திரையில் கோட்டையும் வைத்திருந்தவர்களால், பல் ஏறுவதைப் பார்த்தே ஊற்று எழப்போவதைச் சொல்ல முடிந்தது. இப்படி ஆயிரக்கணக்கான முறை நடந்தது. ஆய்வாளர்களும் நிலநடுக்கமானியின் பதிவுகளோடு கேமராப் பதிவுகளை ஒப்பிட்டே அதை ஆராய்ந்தார்கள்.

ஐந்தாம் படி: கேமரா

கருவிகள் இத்தனை இருந்தும், 2021 மார்ச் 19 இரவு முதற்செய்தி கேமராவிலும் மனிதக் கண்ணிலும்தான் வந்தது. அதற்கு முன் மூன்று வாரம் 5.7 வரையிலான நடுக்கங்கள் தீபகற்பத்தை உலுக்கியிருந்தன. பிறகு அவை அடங்கத் தொடங்கியதால், ஆபத்து விலகுகிறது என்றுகூடப் பலர் எண்ணினார்கள். அந்த அமைதியில் ஃபாக்ராதால்ஸ்ஃபியாட்ல் பகுதியின் கெல்டிங்காதாலிர் பள்ளத்தாக்கில் பிளவு மெல்லத் திறந்தது. தொடக்கம் இரவு 8:45 அளவில் என்று பின்னர் கணிக்கப்பட்டது. அலுவலகத்துக்குத் தகவல் கிடைத்தது 9:40க்கு. அதிர்வுக் கோட்டில் குறிப்பிடத்தக்க துள்ளல் எதுவும் இல்லை. 'கோடு அமைதியாக இருக்கிறது, ஆகவே ஒன்றுமில்லை' என்று எவராவது சொன்னால் இந்த இரவை நினைவூட்டலாம்.

ஐஸ்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ரூவ், செய்தித்தாளான மோர்குன்பிளாதித் போன்றவை நேரடிக் கேமராக்களை இயக்குகின்றன. வெடிப்புக்கு முன்பே, மேகமற்ற ஓர் இரவில், ஒவ்வொரு கேமராவின் காட்சியையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கிரிண்டாவிக்கின் தெருவிளக்கு எங்கே, மின்நிலையத்தின் ஒளிரும் நீராவி எங்கே, ரெய்க்யாவிக் நகரின் ஒளி எந்தத் திசையில் மேகத்தில் பட்டுத் தெரிகிறது என்று அதில் குறியுங்கள். இந்த ஆதாரப் படம் இல்லாதவர்தான் மூடுபனிக்குப் பின்னால் உதிக்கும் நிலவைப் பார்த்து வெடிப்பு என்று நேரம் குறிப்பார். காட்சியின் மூலையில் ஓடும் கடிகாரத்தையும் பாருங்கள். உறைந்து நின்ற படத்தை நேரடிக் காட்சி என்று நம்பி அரை மணி நேரம் பார்த்தவர்களில் நானும் ஒருவன். கோடையில் இரவே இருளாததால் செவ்வொளி தெரியாது. புகையையும் நீராவியையும்தான் தேட வேண்டும்.

லாவா எங்கே வெளிவருகிறது என்பதை இரண்டு கேமராக்களை வைத்தே ஓரளவு கணிக்கலாம். ஒரு கேமராவில் ஒளி தெரியும் இடத்துக்கு நேர் முன்னோ பின்னோ உள்ள, பெயர் தெரிந்த ஒரு மேட்டைக் கண்டுபிடித்து, வரைபடத்தில் கேமராவிலிருந்து அந்த மேட்டின் வழியே ஒரு கோடு இழுங்கள். வேறு திசையில் நிற்கும் இரண்டாவது கேமராவுக்கும் அப்படியே செய்யுங்கள். இரு கோடுகளும் வெட்டும் இடம் பெரும்பாலும் சில நூறு மீட்டர் துல்லியத்தில் அமையும். மேகத்தில் பட்ட எதிரொளியை வைத்துக் கோடு இழுத்தால் மட்டும் இது பொய்த்துவிடும். ஒளியின் அடிவிளிம்பு நிலத்தைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: அந்த முக்கால் மணி நேரம்

2024 ஆகஸ்ட் 22 இரவு 8:48 அளவில் நடுக்கக் கூட்டம் தொடங்கி, 9:26க்குப் பிளவு திறந்தது. நவம்பர் 20 அன்று 10:30 அளவில் தொடங்கி 11:14க்குத் திறந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 8 அன்று கிடைத்த அவகாசம் அரை மணி நேர அளவுதான். ஜனவரி 14 அன்றோ ஐந்து மணி நேரம் கிடைத்தது. இத்தனை குறுகிய நேரத்தில் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதை முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

என் வரிசை இது. சுண்ட்நூகுர் வரிசையில் சில நிமிடங்களுக்குள் பல நடுக்கங்கள் தெரிந்ததும், கேமராக்களைத் திறந்து வைத்துவிட்டு, புள்ளிகள் நகர்கின்றனவா என்று பார்ப்பேன். நகர்ந்தால், டைக் புறப்பட்டுவிட்டது என்று எழுதிக்கொள்வேன். 'வெடிப்பு' என்று எழுத மாட்டேன். வானிலை அலுவலகத்திடம் இதே நேரத்தில் நமக்குக் கிடைக்காத சான்றுகளும் இருக்கும். ஸ்வார்ட்ஸெங்கி மின்நிலையத்தின் ஆழ்துளைக் கிணறுகளில் அழுத்தம் மாறுவது அவற்றுள் முக்கியமானது. தொலைத்தொடர்புக்கான ஒளியிழை வடத்தையே நில நீட்சியை உணரும் கருவியாக மாற்றும் முறையும் 2023 நவம்பர் முதல் அங்கே பயன்படுத்தப்பட்டிருக்கிறது. நம் திரையில் எதுவும் தெரியுமுன்பே அலுவலகம் எச்சரிக்கை விடுத்தால், காரணம் அந்தச் சான்றுகளாக இருக்கலாம்.

விமானப் போக்குவரத்துக்கான வண்ணக் குறியீடு பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிலைகள் கொண்டது. பிளவு திறந்ததும் அது சிவப்புக்குத் தாவி, சாம்பல் மேகம் இல்லை என்று உறுதியானதும் ஆரஞ்சுக்கு இறங்குவதுண்டு. இது விமானங்களுக்கானது, தரையில் இருப்பவருக்கு உள்ள ஆபத்தை இதைக் கொண்டு அளக்க முடியாது. அதற்குக் குடிமக்கள் பாதுகாப்புத் துறையின் மூன்று நிலைகள் தனியே உள்ளன: ஐயநிலை, அபாயநிலை, அவசரநிலை. 2010 ஏப்ரலில் எய்யாஃப்யாட்லயோகுட்ல் எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வான்வெளியைப் பல நாட்கள் மூடவைத்ததை நினைத்துக்கொண்டு, ரெய்க்யானெஸின் ஒவ்வொரு சிவப்புக்கும் விமானம் நிற்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. அங்கே பனிப்பாறை உருகிய நீரும் மாக்மாவும் மோதியதால் மெல்லிய சாம்பல் உண்டானது. இங்கே வறண்ட நிலத்தில் லாவா ஓடுகிறது.

வெடிக்காமல் போகும் நாட்களையும் எதிர்பார்த்திருங்கள். 2024 மார்ச் 2 அன்று நடுக்கக் கூட்டமும் நில நகர்வும் முறைப்படி தொடங்கி, சில மணி நேரத்தில் மாக்மா பாதாளத்திலேயே நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு 2023 நவம்பர் 10. கிரிண்டாவிக்கின் அடியில் சுமார் 15 கிலோமீட்டர் நீள டைக் பாய்ந்து, ஊர் நடுவே நிலம் ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, ஏறத்தாழ 3,800 பேர் ஒரே இரவில் வெளியேற்றப்பட்டார்கள். லாவா அன்று வரவில்லை. அது வந்தது ஐந்து வாரத்துக்குப் பிறகு.

ஏழாம் படி: லாவா ஓடும் நாட்களில்

முதல் சில மணி நேரம் கழிந்ததும், நீளமான பிளவு சுருங்கி ஒன்றிரண்டு வாய்களாக ஒடுங்கும். இந்தக் கட்டத்தில் அதிர்வுக் கோட்டைவிட விண்வெளிப் படங்கள் பயனுள்ளவை. நாசாவின் வெப்பப்புள்ளி வரைபடம் ஒரு நாளில் பலமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் 375 மீட்டர் அகலம் என்பதால், லாவா ஒரு சாலையைத் தாண்டிவிட்டதா என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது. மேகமில்லாத நாளில் சென்டினல்-2 எடுத்த படத்தின் குறு அகச்சிவப்புப் பட்டைகளை இணைத்துப் பார்த்தால், ஓடும் லாவா எரியும் ஆரஞ்சாகவும் ஆறியது கருமையாகவும் 20 மீட்டர் துல்லியத்தில் தெரியும். பரப்பளவை நீங்களே அளக்கலாம். கன அளவுக்கு மட்டும் தடிமன் தெரிய வேண்டும். அதற்கு ஆய்வாளர்கள் விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நிலத்தின் புதிய உயர வரைபடத்தை உருவாக்கிப் பழையதைக் கழிக்கிறார்கள்.

வாயுவுக்கு, ஐஸ்லாந்தின் காற்றுத் தர நிலையங்களில் கந்தக டை ஆக்சைடின் அளவு மணிதோறும் வெளியாகிறது. 2014–15இல் ஆறு மாதம் நீடித்த ஹோலுஹ்ரொய்ன் வெடிப்பு ஏறத்தாழ 1.1 கோடி டன் அளவுக்கு இந்த வாயுவைக் கக்கி, நாட்டின் பல பகுதிகளில் மக்களை வீட்டுக்குள் இருக்கச் செய்தது.

நேரில் போகிறவர் இந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு போகக் கூடாது. அன்றைய அபாய வரைபடத்தையும் காவலர் சொல்லையும் வைத்துக்கொண்டே போக வேண்டும். 2021 ஏப்ரல் 5 அன்று, மக்கள் வேடிக்கை பார்க்கச் சென்றுகொண்டிருந்த பகுதியிலேயே, முதல் வாயிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி முன்னறிவிப்பின்றிப் புதிய பிளவு திறந்தது. காற்றில்லாத நாளில் நச்சு வாயு பள்ளங்களில் தேங்கும். ஆறியது போலத் தோன்றும் கரும்பாறையின் விளிம்பிலிருந்து எப்போது வேண்டுமானாலும் சிவந்த லாவா உடைத்துக்கொண்டு வரலாம்.

எட்டாம் படி: குறிப்பேடும் முடிவைக் குறிப்பதும்

ஒவ்வொரு பதிவிலும் நான்கு செய்திகள் இருக்கட்டும்: ஐஸ்லாந்து நேரம், எந்தக் கருவி அல்லது கேமரா, என்ன பார்த்தீர்கள், அதற்கு மாற்று விளக்கம் என்னவாக இருக்கலாம். 'வடமுனையில் லாவா' என்பதை விட, '23:20, தோர்பியோர்ன் கேமரா, ஸ்டோரா-ஸ்கோக்ஃபெட்லின் இடப்பக்கம் புதிய ஒளி, எதிரொளியாக இருக்கலாம்' என்பது பத்து மடங்கு பயனுள்ளது. அதிர்வு வரைபடங்களைப் படமாகச் சேமித்து வையுங்கள். அவை நாள்தோறும் நகர்ந்து பழையவை மறைந்துவிடும்.

வெடிப்பின் தொடக்கத்தை நிமிடக் கணக்கில் சொல்ல முடிகிறது. முடிவைச் சொல்வதுதான் கடினம். முதலில் அதிர்வுக் கோடு வெடிப்புக்கு முந்தைய மட்டத்துக்கு இறங்கும்; ஆனால் ஆர்ப்பரிப்பின்றி ஒழுகும் லாவா அக்கோட்டில் தெரியாமலே இருக்கலாம். கேமராவில் வாய்க்குள் ஒளி மங்கும். ஆனால் உயர்ந்த விளிம்புக்குக் கீழே லாவா இன்னும் கொதித்துக்கொண்டிருக்கலாம். வாய் அணைந்தபின்னும் மூடிய குழாய்களில் எஞ்சியது பல நாட்கள் ஓடி, வெப்பப்புள்ளி வரைபடத்தைச் சிவப்பாகவே வைத்திருக்கும். 54 நாட்கள் நீடித்த 2024 மார்ச் வெடிப்பின்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்தது: லாவா வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்வார்ட்ஸெங்கியின் ஜிபிஎஸ் மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டது. ஆகவே அதிர்வும் ஒளியும் இரண்டும் அடங்கி, அலுவலகம் வானிலிருந்து பார்த்து உறுதி செய்யும்வரை, குறிப்பேட்டில் முடிவு நாளுக்கு எதிரே ஒரு கேள்விக்குறியை விட்டுவைப்பேன். அதற்குக் கீழே 'மேல்' கட்டத்தின் அன்றைய எண்ணை எழுதி, அடுத்த பக்கத்தைத் தொடங்குவேன்.